மஞ்சள் கோடு இல்லாத எஞ்சின்

1

போன செவ்வாய்க்கிழமை காலமை என்னுடைய பழைய வான் வண்டி சாவியின் ஒரே திருப்பில் ஸ்ராட் வந்தது. ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இது ஒரு விசயமாகத் தெரியாது. கனடாவில், இந்த ஸ்காபரோவில் மாசி மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள். மூக்கால் வடிகிற தண்ணி மீசையிலேயே கட்டியாகிவிடும். அந்தக் குளிரில், ஓடி ஓடிக் களைத்த ஒரு வான் ஒரே திருப்பில் ஸ்ராட் வருகிறதென்றால் அதைத் திருத்தினவன் லேசுப்பட்ட ஆள் இல்லை.

திருத்தினவன் நான். செவ்வாய்க்கிழமை முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

வேலை செய்கிற பாண் தொழிற்சாலையில், சாப்பாட்டு நேரத்தில், நம்முடைய ஆட்கள் நாலைந்து பேரை இருத்தி வைத்துச் சொன்னேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து மொன்றியலில் இருக்கிற ஒரு பழைய சிநேகிதனுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். "கராஜ்காரங்களை நம்பாதை. கையிருந்தால் காணும்" என்றேன். மனுசி குசினியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தா. மகன் மேலே அறையில் இருந்தான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். குடாநாட்டில் இருந்து வந்து வவுனிக்குளத்தில் வயல்காணி எடுத்த குடும்பம் எங்களுடையது. அப்பருக்கு வயல் பிடித்தது. எனக்கு அவருடைய உழவு மெசின்தான் பிடித்தது. ஒருத்தரும் சொல்லித்தராமல், பழுதான ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்தே தொழில் பிடித்தவன். கிளிநொச்சிச் சந்தியில் சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஹயர் விட்டவன். படித்தவர்கள் ஏறுவதற்குக் காத்துநின்ற கார் அது.

அப்படிப்பட்ட என்னை என் வீட்டுக்குள்ளேயே ஏமாற்றிப்போட்டார்கள். அதுவும் இது இரண்டாம் தரம். முதலாம் தரம் மல்லாவியில் நடந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் என்னுடைய வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

2

இந்த நாட்டில் ஒரு வாகனத்தை வீட்டில் வைத்துத் திருத்துகிறது மாதிரிக் கரைச்சல் வேறு இல்லை.

மூடியைத் திறந்தால் எஞ்சின் தெரியாது. ஒரு பிளாஸ்ரிக் மூடி தெரியும். அதைக் கழற்றினால் இன்னொன்று. எஞ்சினை ஏன் இப்படிப் போர்த்து மூடி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தெருவில் பனி உருக உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு வாகனத்தின் அடியில் ஏறி, போல்ட் எல்லாம் துருப்பிடித்து, ஸ்பானர் சாவியைப் போட்டுத் திருப்பினால் நட் கழராது, தலை முறிந்து கையில் வரும். கையுறை போட்டால் நட் பிடிபடாது. கழற்றினால் இரும்பில் தோல் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டு முன்னால் மட்டையை விரித்து நான் கீழே கிடப்பேன். மனுசி பவளம் ரோச் லைற் பிடிப்பா. அவ பிடிக்கிற வெளிச்சம் எப்பவும் எனக்குத் தேவையான இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் விழும்.

"இஞ்சாலை பிடியப்பா."

"இஞ்சாலைதானே பிடிக்கிறன்."

"அது உன்ர சப்பாத்து. நான் உன்ர சப்பாத்தே திருத்திறன்?"

"கை விறைக்குது. கராஜிலை குடுங்கோவன். ஊரிலை எல்லாரும் குடுக்கினம்."

"ஊரிலை எல்லாருக்கும் கை இல்லை. எனக்கு இருக்கு."

இந்தக் கதை எங்களுக்குள் ஒவ்வொரு குளிர் மாரிக்கும் நடக்கும்.

சாமான் வாங்கப் போனாலும் நிம்மதி இல்லை. வந்த புதிதில் உதிரிப்பாகக் கடையில் நின்ற வெள்ளைப் பொடியனிடம் எனக்கு ஒரு சைலென்சர் வேணும் என்று கேட்டேன். புகைபோக்கிக்கு நாங்கள் காலம்காலமாகச் சொல்லுகிற பெயர்தானே. அவன் என் முகத்தையும் தாடியையும் பார்த்துவிட்டு, ஒரு அடி பின்னால் போய், முதலாளியைக் கூப்பிட்டான். இங்கே அந்தச் சொல்லைச் சொன்னால் துவக்குக் குழாயில் பூட்டுகிற சாமானைத்தான் நினைப்பார்களாம். வன்னியில் இருந்து வந்தவனுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

நகரசபைக்காரரும் விட்டுவைக்கவில்லை. வானை யக் போட்டு உயர்த்தி வைத்திருக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் யாரோ முறைப்பாடு சொல்லி, சீருடை போட்ட ஒருவர் வந்தார். இப்படி வெளியில் வைத்துத் திருத்தக்கூடாதாம், எண்ணெய் சிந்துமாம். எனக்கு வந்த கோபத்தில், இது என்ர வீடு, என்ர வான், என்ர எண்ணெய், நான் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினவன், எனக்கு எண்ணெய் பற்றிப் படிப்பிக்க வராதே என்று தமிழில் நீளமாகச் சொல்லி, மகன் சுதனை மொழிபெயர்க்கச் சொன்னேன். அவன் அந்த மனிசனிடம் இரண்டு சொல்தான் சொன்னான். மனிசன் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

"நான் இவ்வளவு கதைச்சன். நீ என்னடா சொன்னனி?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னனான் அப்பா."

சுதனுக்குப் பத்தொன்பது வயது. பதினொரு வயதில் இங்கே வந்தவன். தனக்கென்று ஒரு சின்னக் கார் வைத்திருக்கிறான். அதன் மூடியை நான் ஒருதரம் தொட்டதற்கு, "அப்பா பிளீஸ்" என்றான். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு பயம்! சனிக்கிழமைகளில் தாயும் மகனும் அந்தக் காரில் கோயிலுக்குப் போவார்கள். கோயில் பக்கத்தில்தான். போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவார்கள். பக்தி கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த மாரியில் வானுக்கு வந்த வருத்தம், சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற செல்ப் மோட்டர்தான் பழுது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிசம் போகவில்லை. கழற்ற ஒரு சனி ஞாயிறு போனது. திறந்து துப்புரவாக்கி, கிறீஸ் போட்டு, திரும்பப் பூட்ட அடுத்த சனி ஞாயிறு போனது. பூட்டி முடிய ஒரு போல்ட் மிஞ்சியது. அது பரவாயில்லை, வெள்ளைக்காரன் தேவைக்கு மிஞ்சித்தான் போல்ட் போடுவான். மிஞ்சினதை ஜாம் போத்தலுக்குள் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

டிக்.

திங்கட்கிழமை கூட வேலை செய்கிறவரின் காரில் வேலைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை சும்மா ஒருக்கால் திருப்பிப் பார்த்தேன். உடனே ஸ்ராட் வந்தது. கிறீஸ் ஊற ஒருநாள் எடுத்திருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன்.

3

இனி ஊருக்கு வாறேன்.

என்னுடைய கார் ஒரு ஏ போர்ட்டி, பழைய இங்கிலாந்துக் கார். பச்சை நிறம். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் என்பது மருந்து மாதிரி. நோயாளிக்கு ஊசி போடுகிற சிறிஞ்சில் கொஞ்சம் பெற்றோல் எடுத்து, காபரேற்றருக்குள் பீச்சி, எஞ்சின் பற்றிக்கொண்டவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்த நேரம் சரியாகப் பிடிக்காவிட்டால் நின்றுபோகும். புகை கண்ணைக் கரிக்கும். ஏறுகிறவர்கள் எல்லாரும் அழுதுகொண்டுதான் இறங்குவார்கள். ஆனால் என்னுடைய கார் நடுவழியில் நின்றதென்று ஒரு ஆள் சொல்லட்டும் பார்ப்போம்.

ஒரே ஒருதரம் நின்றது. கிளிநொச்சியை விட்டுச் சனம் இடம்பெயர்ந்தபோது, அக்கராயன் பக்கம், சாமானும் சனமுமாகப் பாரம் ஏற்றிக்கொண்டு வரும்போது எஞ்சின் கொதித்தது. ஆறட்டும் என்று நான் மரநிழலுக்குப் போன இடைவெளியில், ஏறிவந்த ஒரு மனிசன் உதவி செய்கிறேன் என்று வாய்க்கால் தண்ணியை அள்ளி எஞ்சினுக்கு மேல் ஊற்றிவிட்டார். பளீர் என்று ஒரு சத்தம். பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

வேறொருத்தன் என்றால் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்திருப்பான். நான் அதை மாட்டு வண்டிலில் கட்டி மல்லாவிவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தேன். அங்கே ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. வார்ப்பு இரும்பு வெடித்தால் பித்தளை உருக்கி விட்டு ஒட்டலாம். பித்தளைக்கு எங்கே போக? தடையில் அதுவும் வராது. மனுசியின் சீதனச் சாமானுக்குள் ஒரு பித்தளைச் செம்பு கிடந்தது. எடுத்துக்கொண்டு போய் உருக்கினேன். கறுத்த எஞ்சினில் மஞ்சள் கோடு, மயிர்க்கொட்டி ஊருகிற மாதிரி. அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகவில்லை. மூன்றாவது சிலிண்டர் மட்டும் கொஞ்சம் இளைக்கும். அது அந்த எஞ்சினின் பேச்சு. ஆயிரம் எஞ்சின் ஓடினாலும் என்னுடையதைக் கண்டுபிடிப்பேன் என்று ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் சொல்லுவேன். மூடியைத் திறந்து அந்த மஞ்சள் கோட்டைக் காட்டாமல் ஒருவரையும் இறங்க விட்டதில்லை.

அடுத்த வருசம் நான் ஏஜென்சிக்காரன் மூலம் கனடாவுக்கு வெளிக்கிட்டேன். காரையும் மனுசியையும் மகனையும் மல்லாவியில் மச்சான் இராசனின் வளவில் விட்டுவிட்டு வந்தேன். இராசன் பவளத்தின் தமையன். பவளமும் மகனும் என்னிடம் வந்து சேர இரண்டு வருசம் எடுத்தது. கார் அங்கேயே நின்றது. "கார் சுகமாய் நிக்குது" என்று இராசன் காயிதம் எழுதும்போதெல்லாம் எழுதுவான். நான் அதை நம்பினேன்.

4

சண்டை நின்று வன்னிக்குப் பாதை திறந்த அடுத்த வருசம், 2003இல், தனியாக ஊருக்குப் போனேன். இராசனின் மூத்த மகள் வதனிக்குக் கலியாணம். போகமுதலே ரெலிபோனில் சொல்லிவிட்டேன், மாப்பிள்ளையைக் கோயிலடிக்குக் கூட்டிவருவது என்னுடைய ஏ போர்ட்டிதான், நான்தான் ஓட்டுவேன், வாடகை வான் ஒன்றும் தேவையில்லை என்று.

பயணப்பெட்டியில் உடுப்பைவிட உதிரிப்பாகம்தான் கூட. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "கார் கார், வெடிங்" என்று ஸ்ரீயரிங் பிடிக்கிற மாதிரிக் கையைச் சுற்றிக் காட்டினேன். சிரித்துவிட்டு விட்டான். அங்காலே போனால் எங்கட இயக்கப் பொடியளிடமும் அதே பிளக், அதே கேள்வி, இன்னொரு படிவம். தமிழில் கேட்டதுதான் வித்தியாசம்.

வளவுக்குள் இறங்கினதும் நான் நேரே காரிடம்தான் போனேன். ரயர் இல்லாமல் நாலு மரக்குத்தியில் நின்றது. தடவிப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. மூடியைத் திறந்தேன். எஞ்சின் முழுக்க எண்ணெய் அழுக்கும் தாரும் அப்பிப்போய்க் கிடந்தது.

"துருப்பிடிக்கக் கூடாதெண்டு பூசி வச்சனான் மச்சான்" என்றான் இராசன்.

என்ன அக்கறை என்று அவனைக் கட்டிப்பிடித்தேன். நினைத்தால் இப்பவும் உடம்பு கூசுகிறது.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். பிளக் மாற்றினேன், காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன், பெற்றோல் ரியூப் புதுசாகப் போட்டேன். இப்ப பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது, சிறிஞ்ச் தேவையில்லை. ஆனால் எஞ்சின் அசையவில்லை. சுற்றுகிற கம்பியைப் போட்டுத் தோள்மூட்டு இறங்கும்வரை சுற்றினேன். உள்ளே ஏதோ கல்லாகிக் கிடந்தது. வளவில் போகிற வருகிற எல்லாரும் நின்று பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், தேத்தண்ணி கொண்டுவந்து தருவார்கள். ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஒருநாள் இராசனும் நானும் வவுனியாவுக்கு ஹெட் கஸ்கெற் வாங்கப் போனோம். பழைய வாகனச் சாமான் விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடை. மல்லாவி, ஏ போர்ட்டி என்று சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த எஞ்சினுக்கோ அண்ணை? அதுக்கு கஸ்கெற் போட்டு என்ன செய்யப் போறீங்க?"

"ஏன், என்ன அந்த எஞ்சினுக்கு?"

இராசன் இருமத் தொடங்கினான். நானா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்ல, பழைய எஞ்சின்தானே, அதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாமானை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கவேணும். ஆனால் மச்சானைச் சந்தேகப்பட எனக்குத் தெரியாது. நான் அப்படி வளர்ந்தவன் இல்லை.

வேலிக்கு அங்காலே, ஒழுங்கையின் மறுபக்கத்தில், கிடுகுக் கொட்டில் ஒன்றுக்குள் மா அரைக்கிற மில் ஓடும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அந்தச் சத்தம் கேட்கும். நான் காரின் கீழே கிடந்தபடியே சொல்லுவேன்:

"ஆரப்பா அந்த மில்காரன்? ஒரு சிலிண்டர் இளைக்குது. வரச் சொல்லுங்கோ, நான் சரிப்படுத்திக் குடுக்கிறன்."

"அது பக்கத்துக் காணிக்காரற்றை, மாமா" என்பாள் வதனி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடுவாள். கலியாணப் பிள்ளை, வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அந்த மில்லில் அரைத்த மாவில்தான் காலமை பிட்டு. மா நல்ல பதம் என்று நானே பாராட்டியும் இருக்கிறேன்.

5

கலியாணத்துக்கு முதல் நாள், முந்தி என்னுடைய காரில் ஏறித் திரிந்த ஒரு பழைய மனிசன் வந்தார். "தம்பி, அந்தச் செம்பு உருக்கி ஒட்டின எஞ்சின் இதுதானோ? அந்தக் கோட்டை ஒருக்கால் காட்டு" என்றார். எனக்கு அதைவிடச் சந்தோசம் வேறு என்ன? துணியை மண்ணெண்ணெயில் நனைத்துப் பக்கவாட்டைத் துடைத்தேன். தார் கழன்றது. கறுப்பு இரும்பு வந்தது. இன்னும் துடைத்தேன். கறுப்புத்தான். மற்றப் பக்கத்தையும் துடைத்தேன். மேல், கீழ், எல்லா இடமும் துடைத்தேன்.

மஞ்சள் இல்லை.

இத்தனை நாளும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவனுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரே வார்ப்பு. அதன்மேல் தாரும் பூசி வைத்தால் எவனுக்குத் தெரியும்? நான் பார்த்தது காரை. என்ர காருக்குள் என்ர எஞ்சின் இருக்கும் என்பதை ஒருவன் சோதித்துப் பார்ப்பானோ?

பழைய மனிசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் அங்காலே மில் ஓடிக்கொண்டிருந்தது. பலகாரத்துக்கு மா அரைக்கிறார்கள். டுக் டுக், மூன்றாவதில் ஒரு இளைப்பு, டுக். துணியைக் கையில் பிடித்தபடியே வேலியைத் தாண்டிப் போனேன்.

கொட்டிலுக்குள், இரண்டு பாலைக் குத்திக்கு மேல், என்னுடைய எஞ்சின். ஒரு பெரிய பீப்பாயில் இருந்து அதற்குத் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினில் பூட்டின பட்டி மில்லைச் சுற்றியது. பக்கவாட்டில் மஞ்சள் கோடு பளபளவென்று மின்னியது. தினமும் துடைத்து வைத்திருக்கிறார்கள். பெண்கள் வாளிகளோடும் பெட்டிகளோடும் வரிசையில் நின்றார்கள்.

பின்னால் இராசன் ஓடிவந்தான்.

"மச்சான், சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப? நான் செத்த பிறகோ?"

"கலியாணம் முடியட்டும் எண்டு பாத்தன்."

"அப்ப இவ்வளவு நாளும் நான் கீழை கிடந்து திருத்தினது என்னடா?"

"அது வவுனியாவிலை வாங்கினது. செத்த எஞ்சின். நீ வாறாய் எண்டு தெரிஞ்சாப்பிறகு, முன்பக்கம் வெறுமையாய்க் கிடக்கக்கூடாதெண்டு..."

"செத்த எஞ்சின் எண்டு தெரிஞ்சுகொண்டே எனக்குத் தேத்தண்ணி தந்தனியள்!"

வரிசையில் முன்னுக்கு நின்ற மனுசி குறுக்கே சொன்னா: "அண்ணை, நல்லாப் பேசுங்கோ, பேச வேண்டியதுதான். எஞ்சினை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. என்ர மா பாதியிலை நிக்குது."

நான் நிற்பாட்டத்தான் கையை நீட்டினேன். நீட்டின கை அப்படியே நின்றது. மூன்றாவது சிலிண்டர் இளைக்கிற சத்தம் காதுக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. என் எஞ்சின் பிழையாக ஓடுவதைக் கேட்டுக்கொண்டு எனக்கு முழுசாகக் கோபப்படக்கூட ஏலாது. "ஸ்பானர் சாவியைத் தா" என்று இராசனிடம் வாங்கி, ஓட ஓடவே வால்வைச் சரிப்படுத்தினேன். இளைப்பு நின்றது. சாவியை நிலத்தில் எறிந்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்தநாள் காலமை மாப்பிள்ளையை ஏற்ற வவுனியாவில் இருந்து வெள்ளை வான் ஒன்று பூக்கட்டி வந்து நின்றது. நேற்றுத்தானே எல்லாம் வெளியில் வந்தது, எப்படி இவ்வளவு கெதியாய் வான் பிடித்தார்கள் என்று ட்ரைவரைக் கேட்டேன்.

"இது போன மாசமே சொல்லி வச்ச ஹயர், ஐயா."

போன மாசம் நான் கனடாவில் பிளக் வாங்கிக்கொண்டு நின்றேன்.

கலியாணத்தில் இருந்தேன், சாப்பிட்டேன், மணமக்களுக்கு அறுகரிசி போட்டேன். இராசனோடு கதைக்கவில்லை. இன்றுவரைக்கும் கதைக்கவில்லை. திரும்பி வந்து பவளத்திடம் எல்லாத்தையும் கொட்டினேன். அவ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணை செய்தது பிழைதான்" என்றா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாலு வருசமும் இருந்தேன். ஒவ்வொரு மாரியும் வானுக்குக் கீழே கிடந்து நான் இராசனைத் திட்டுவேன். அவ ரோச் லைற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பா.

6

வியாழக்கிழமை பின்னேரம் எண்ணெய் பார்ப்பதற்கு வானின் மூடியைத் திறந்தேன். நான் பூட்டின செல்ப் மோட்டரை ஒருக்கால் ஆசையாக எட்டிப் பார்த்தேன். அது மினுங்கியது. துரு இல்லை. அதன் முதுகில் மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு கீறியிருந்தது, கராஜில் சாமான் மாற்றினால் அடையாளத்துக்கு இழுப்பார்களே, அது. நான் மிச்சம் விட்ட துளையிலும் ஒரு புது போல்ட் இறுக்கியிருந்தது. என்னுடைய போல்ட் ஜாம் போத்தலுக்குள் அப்படியே கிடக்கிறது.

மல்லாவியில் இருக்கவேண்டிய மஞ்சள் இல்லாமல் போனது. இங்கே இருக்கக்கூடாத மஞ்சள் வந்து நிற்கிறது.

உள்ளே போனேன். மனுசியும் மகனும் மேசையில் இருந்தார்கள்.

"ஆர் செல்ப் மாத்தினது?"

சுதன் தாயைப் பார்த்தான். "திங்கக்கிழமை நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனது அப்பா. நீங்கள் கவலைப்படுவியள் எண்டு..."

"நான் ஊர் முழுக்க ரெலிபோன் எடுத்துச் சொல்லேக்கை கேட்டுக்கொண்டிருந்தனியள்."

"சந்தோசமாய் இருந்தியள்" என்றா பவளம். "அதைக் கெடுப்பான் ஏன்?"

"உன்ர அண்ணன்ர புத்தி! அப்பிடியே உரிச்சு வச்சிருக்கு! அவன் எஞ்சினைக் களவெடுத்தான், நீங்கள்..."

"அண்ணையை இனி இழுக்காதேங்கோ." தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினா. "அந்த எஞ்சினைக் கழட்டச் சொன்னது நான்."

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னா.

"நீங்கள் வந்தாப்பிறகு ரெண்டு வருசம் நானும் பிள்ளையும் அங்கை என்னத்தைத் திண்டு இருந்தனாங்கள் எண்டு எப்பவாவது கேட்டனீங்களோ? இடம்பெயர்ந்த சனம் முழுக்க மல்லாவியிலை. அரைக்க ஒரு மில் இல்லை. பொம்பிளையள் உரலிலை இடிச்சு இடிச்சுக் கை கொப்பளிச்சுது. உங்கட கார் குத்தியிலை நிண்டது. நான்தான் அண்ணையிட்டைச் சொன்னன், கழட்டு, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு. அந்த மில்தான் எங்களுக்குச் சோறு போட்டது."

"பீப்பாவுக்குத் தண்ணி அள்ளி ஊத்துறது நான்தான் அப்பா" என்றான் சுதன். தமிழ் மறந்துபோகுது என்று நான் கவலைப்பட்ட பிள்ளை, இதைத் தடக்காமல் சொன்னான். "பள்ளிக்கூடம் விட்டு வந்து ஊத்துவன். அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. டுக் டுக் எண்டு, நடுவிலை இருமும்."

இவனுக்கும் தெரியும்! பத்து வயதில் இருந்து தெரியும்.

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காயிதம் போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம். நீங்கள் எழுதின காயிதம் எல்லாம் நான் வச்சிருந்தனான். முதல் வரியிலை கார் எப்பிடி எண்டு இருக்கும். பிள்ளை எப்பிடி எண்டது அதுக்குக் கீழை. அப்பிடி எழுதிறவருக்கு நான் என்னத்தை எழுத? கார் சுகமாய் நிக்குது எண்டு அண்ணையை எழுதச் சொன்னன்."

"அது என்ர எஞ்சின், பவளம்."

"அதுக்குள்ளை என்ர செம்பு கிடக்கு. அம்மா தந்த செம்பு. அதை உருக்கேக்கை என்னைக் கேட்டனீங்களோ?"

எஞ்சின் வெடித்துக் கிடக்கிறபோது செம்பைப் பற்றி எவன் கேட்பான்? அது வேறு, இது வேறு. அதை அவவுக்கு விளங்கப்படுத்த வாயைத் திறந்தேன். அவ யன்னல் பக்கம் திரும்பி நின்றா.

"போன ஆவணியிலை திரும்பச் சண்டை துவங்கிப் பாதை பூட்டினது. அதிலை இருந்து அண்ணையிட்டை இருந்து ஒரு கதையும் இல்லை. அந்த மில் இப்பவும் ஓடுதோ, அவை அங்கைதான் இருக்கினமோ எண்டு நான் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன். நீங்கள் இன்னும் கார் எண்டு நிக்கிறியள்."

நாலு வருசமாக நான் திட்டினது இராசனை. எனக்குப் பக்கத்தில் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றது அவ. இதை எந்தச் சாவியால் திருகுவது?

7

வெள்ளிக்கிழமை காலமை வானின் சாவியை மேசையில் வைத்துவிட்டு, நடந்து போய் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். என்னுடைய கை படாத வானில் நான் ஏறமாட்டேன் என்று முடிவு. காற்று முகத்தை அறுத்தது. பஸ் வரவில்லை. இந்த நாட்டில் கோபித்துக்கொண்டு நிற்கக்கூட நல்ல இடம் கிடையாது.

ஒரு வாகனம் மெதுவாக வந்து எனக்கு முன்னால் நின்றது. என்னுடைய வான். சுதன்தான் சமாதானம் பேச வந்திருக்கிறான் என்று முகத்தை மற்றப் பக்கம் திருப்பினேன். கண்ணாடி இறங்கியது.

"ஏறுங்கோ. விறைச்சுச் சாகப் போறியள்."

ஸ்ரீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பவளம் இருந்தா. அவவுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. தெரியாதென்றுதான் நான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன்.

"லைசன்ஸ்?"

"எடுத்து ஒரு வருசம்."

"எங்கை பழகினனி?"

"கோயிலுக்குப் போகேக்கை."

பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. பஸ் வருகிற அடையாளமே இல்லை. நான் முன்கதவைத் திறக்கவில்லை. பின்கதவைத் திறந்து, ஹயருக்கு ஏறுகிற ஆள் மாதிரி, பின் சீற்றில் இருந்தேன். அவ கண்ணாடியைச் சரிப்படுத்தி, சிக்னல் போட்டு, தெருவில் எடுத்தா.

வழி முழுக்க நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தேன். எங்காவது ஒரு இளைப்பு, ஒரு தட்டு, ஒரு கரகரப்புக் கேட்கும், "பார், நான் சொன்னனான்" என்று சொல்லலாம் என்று.

ஒரு சத்தமும் இல்லை.